அக்கராயன் பஸ்ஸில் போன துண்டு

விமலேஸ்வரிக்குக் கண்ணாடி அறை கிடைத்த அன்றைக்கே அவளுடைய கெட்டகாலமும் தொடங்கிவிட்டது. அது அப்போது யாருக்குத் தெரிந்தது? கிளிநொச்சியில் கண்டி வீதியைப் பார்த்தபடி நிற்கும் மூன்று மாடிக் கட்டடம். அதில் இரண்டாம் மாடியில் குளிரூட்டி போட்ட அறை. கதவில் பித்தளைப் பலகை: திருமதி விமலேஸ்வரி, நிர்வாக முகாமையாளர். பதின்மூன்று வருடம் ஒரு லோயரின் கிளாக்கராகக் கிடந்து மாய்ந்த மனுசி சந்தோசப்படாமல் என்ன செய்வாள்? விசுவமடுவில் இருக்கிற வீட்டுக்குப் போய்ச் சேருமுன்னரே, பஸ்ஸில் இருந்தபடி அந்தப் பலகையின் படத்தைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை வேறிடத்தில் நடந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கந்தோரைத் தூக்கி நிறுத்தியவள் அவள்தான். 2011ஆம் ஆண்டு, யுத்தம் முடிந்து சனம் முகாம்களிலிருந்து ஊருக்குத் திரும்பித் தறப்பாள் கூடாரங்களுக்குள் குடியிருந்த காலத்தில், சட்டத்தரணி தயாபரன் ஒரு வாகன ரயர் கடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறையை எடுத்தான். ஒரு மேசை, இரண்டு கதிரை, பூட்டுப் பழுதான ஓர் அலுமாரி, வந்தவர்கள் இருக்க ஒரு வாங்கு. படித்து முடித்துப் புதிதாக வந்தவன். கறுப்புக் கோட்டைப் போட்டால் கோட்டுத்தான் தெரியும், ஆள் தெரியாது. விமலேஸ்வரி ஆட்களுக்கு முன்னால் அவனைச் ‘சேர்’ என்பாள்; ஆளில்லாத நேரத்தில் ‘தம்பி’. வழக்குக்கு என்ன பஞ்சம்? காணி உறுதி தொலைந்தவர்கள், பெர்மிட் எரிந்தவர்கள், ஒரே காணிக்கு உரிமை கேட்டு வந்து ஒரே வாங்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கும் மூன்று பேர் என்று காலையிலேயே வாசல் நிறைந்துவிடும்.

வந்தவர்களுக்கு வழக்குத் தவணையை அறிவிப்பதுதான் பெரும்பாடு. அடுத்த தவணை என்றைக்கு என்று நீதிமன்றத்தில் சொல்வார்கள். அதை அக்கராயனில் வயல் செய்கிற மனுசனுக்கும் முள்ளிவாய்க்காலில் வலை இழுக்கிற மனுசனுக்கும் யார் போய்ச் சொல்வது? போன் கிடையாது. தபாலை நம்பினால் தவணை முடிந்த பிறகு கடிதம் போகும். விமலேஸ்வரி ஒரு வழி கண்டுபிடித்தாள். முடிந்துபோன வழக்குகளின் தாள்களை நாலாகக் கிழித்து, வெறுமையாய்க் கிடக்கும் பின்பக்கத்தில் ஆளின் பெயரையும் கிழமையையும் எழுதி, கந்தோரின் வட்ட ரப்பர் சீலால் மேலே ஒரு குத்துக் குத்தி, பின்னேர பஸ்ஸின் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். அவன் அந்தந்தச் சந்தியில் இறங்குமுன்னரே கத்துவான்: “பொன்னையா அண்ணை, துண்டு! செவ்வாய்க்கிழமை!” அவ்வளவுதான். வாசிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அது ஒன்றுதான். சீல் குத்திய துண்டு வந்தால் சொன்ன கிழமை குளித்து, வெளுத்த உடுப்பைப் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் கந்தோருக்கு வரவேண்டும். பதின்மூன்று வருடத்தில் எந்தத் துண்டும் இதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அக்கராயன் மூக்கன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு, பெண்சாதி சிவலட்சுமியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். காடாய்க் கிடந்த இரண்டு ஏக்கரைக் காட்டி, “வெட்டி வெளியாக்கிப்போட்டு இரு” என்று, அதற்கு உறுதி வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னார். வெட்டினார், இருந்தார். கிணற்றைக் கையால் தோண்டினார். சண்டை துரத்தத் துரத்த ஓடி, முடிந்ததும் அதே கிணற்றடிக்குத் திரும்பி வந்து கல்வீடும் கட்டினார். கடதாசி மட்டும் கையில் ஒன்றுமில்லை. சொன்ன மனுசன் செத்துப்போனார். அவருடைய பேரன் கனடாவில்.

மூக்கன் முதன்முதலில் கந்தோருக்கு வந்தது, பதியாமலே விட்டிருந்த மகளின் பிறப்பைப் பதிவதற்காக. துண்டு வருமுன்னரே, தன் பாட்டுக்கு, ஒரே மாதத்தில் ஆறு தடவை வந்து வாங்கில் இருந்துவிட்டுப் போனார். ஆறு நாள் கூலி போய்விட்டது. விமலேஸ்வரிக்கு மனம் பொறுக்கவில்லை.

“இஞ்ச பாருங்கோ மூக்கன் ஐயா,” என்று அவரைப் பிடித்து நிறுத்தினாள். “கடதாசி எங்கட கையில வந்திட்டுதெண்டா அது எங்கட பாடு. நீங்கள் வீட்டில இருங்கோ. துண்டு வராமல் பஸ் ஏறக்கூடாது. விளங்கிச்சோ?”

“வெளங்கிச்சுங்கம்மா. துண்டு வந்தாத்தான் வருவேன்.”

அன்றையிலிருந்து அவர் சொன்ன சொல் மாறவில்லை. மற்ற ஆட்கள் அவசரப்பட்டு ஓடிவருவார்கள், மூக்கன் வரமாட்டார். ‘இவரைப்போல நாலு பேர் இருந்தால் எனக்கு வேலையே இல்லை’ என்று விமலேஸ்வரி எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! ஐயோ, அந்த வாய்!

கந்தோர் வளர்ந்தது. வளர்ச்சி என்றால் சும்மா வளர்ச்சியா? நாற்பது வழக்கு நானூறாகி, ஆயிரத்து நானூறாகியது. முல்லைத்தீவில் ஒரு கிளை. ஒன்பது சட்டத்தரணிகள். தயாபரனும் சதை போட்டுக் கோட்டுக்கு அளவாகிவிட்டான். கொழும்பில் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்வந்தவன், வந்த கையோடு எல்லாரையும் கூட்டி இருத்தி, இனி எல்லாம் கணினியில்தான் நடக்கும் என்றான். வருகிறவர் இயந்திரத்தில் இலக்கம் எடுக்க வேண்டும். கருமபீடத்தில் கடதாசியைக் கொடுத்தால் பெற்றுக்கொண்டதாகச் சீல் குத்திய பற்றுச்சீட்டுக் கிடைக்கும். விபரத்தைக் கணினியில் ஏற்றினால் அது தானாக ஒரு சட்டத்தரணியின் பெயருக்குப் போய்விடும். தவணைக்கு முதல்நாள் வழக்காளியின் போனுக்குத் தானாகச் செய்தி போகும்.

“இன்னும் பஸ்ஸில துண்டு குடுத்து விடுறமெண்டா சிரிப்பாங்கள் அக்கா,” என்றான்.

விமலேஸ்வரியும் சிரித்தாள். அன்றைக்குத்தான் முகாமையாளர் பதவியும் அறிவிக்கப்பட்டிருந்தது; சிரிக்கத்தானே தோன்றும்? படிவத்தில் எந்த விபரத்தைக் கட்டாயம் ஆக்குவது என்று அவன் அவளைத்தான் கேட்டான். முல்லைத்தீவுக் கிளையில் ஆட்களைத் தொடர்புகொள்ள முடியாமல் இரண்டு வழக்குக் குழம்பியிருந்த நேரம் அது. “போன் நம்பர் இல்லாமல் ஒண்டையும் எடுக்கக்கூடாது தம்பி,” என்றாள் அவள். அப்படியே ஆக்கினார்கள். போன் இலக்கம் நிரப்பாத படிவத்தைக் கணினி எந்தச் சட்டத்தரணிக்கும் அனுப்பாது. ‘முழுமையற்றவை’ என்ற பட்டியலில் போட்டு வைத்துக்கொள்ளும்.

“போன் இல்லாத ஆக்களை என்ன செய்யிறது?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது நாலைஞ்சு பேர்தானே. அவையளை நான் பாத்துக்கொள்ளுறன்.”

சொன்னவள் விமலேஸ்வரி. கூட்டக் குறிப்பிலும் அது இருக்கிறது. பட்டியல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவளுடைய மின்னஞ்சலுக்கு வந்தது. முதல் இரண்டு கிழமை திறந்து பார்த்தாள். நாலைந்து பேரில்லை, அறுபது பேர் இருந்தார்கள். அரைவாசி, இலக்கத்தை எழுத மறந்த ஆட்கள். ஆறுதலாகப் பார்ப்போம் என்று மூடினாள். அதற்குள் வவுனியாவில் மூன்றாவது கிளை என்ற கதை வந்துவிட்டது. கட்டடம் பார்க்க வேண்டும், தளபாடம் எடுக்க வேண்டும், ஆட்களைத் தெரிவு செய்ய வேண்டும். அவளும் பாவம், எத்தனை பக்கம் ஓடுவாள்? திங்கட்கிழமைகள் வந்தன, போயின. பட்டியல் நீண்டுகொண்டு போனது. துண்டுக் கட்டையும் வட்டச் சீலையும் மேசையின் அடி லாச்சிக்குள் போட்டு மூடியிருந்தாள். துண்டு இனி வராது என்று, துண்டை நம்பியிருந்த சனத்துக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

புரட்டாதி மாதம் ஒருநாள் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றவளைச் சங்கிலி கண்டான். அக்கராயன் பஸ்ஸின் கொண்டக்டர். பத்து வருடம் அவளுடைய துண்டுகளைச் சட்டைப் பையில் காவித் திரிந்தவன்.

“என்னக்கா, பெரிய ஆளா வந்தாப்போல எங்களை மறந்திட்டியள். துண்டு ஒண்டும் தாறேல்லை?”

“இப்ப எல்லாம் போனில போகுது சங்கிலி.”

“ஓமோ? அப்ப ஏன் மூக்கன் ஐயா ஒவ்வொரு நாளும் சந்தியில வந்து நிக்கிறார்? பின்னேரம் பஸ் நிண்டவுடன ‘துண்டு வந்துச்சா தம்பி’ எண்டு கேக்கிறதே வேலை. இல்லையெண்டா ஒண்டும் சொல்லாது மனுசன், திரும்பிப் போயிடும். மாசக்கணக்கா இதுதான். மழை நாளிலயும் நிக்கிறார்.”

கையில் இருந்த கத்தரிக்காயை அவள் கூடைக்குள்ளேயே போட்டுவிட்டாள். “ஏனாம்? அவருக்கு இப்ப என்ன வழக்கு?”

“எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே லோயர் ஆக்கள்.”

அரை ஓட்டமாகக் கந்தோருக்கு வந்தாள். மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. அந்தப் பட்டியலைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். எழுபத்தோராவது பெயர், மூக்கன், அக்கராயன். நூற்றுத் தொண்ணூறாவது பெயரும் மூக்கன், அக்கராயன். முதலாவது, பங்குனியில் அவர் கொண்டுவந்து கொடுத்த அழைப்பாணை: கனடாப் பேரன் காணியைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறான், இன்ன திகதிக்கு நீதிமன்றத்துக்கு வந்து மறுமொழி சொல்லவும். ஒருவரும் போகவில்லை. எதிராளி வரவில்லை என்று நீதிமன்றம் ஒருதலையாக விசாரித்துத் தீர்ப்புக் கொடுத்துவிட்டது. வேறு என்ன செய்யும்? இரண்டாவது, ஆவணியில் அவர் கொண்டுவந்து கொடுத்த அந்தத் தீர்ப்பாணை. அது கையில் கிடைத்துப் பதினான்கு நாளுக்குள் போய், வராமல் விட்டதற்குத் தகுந்த காரணம் காட்டியிருந்தால் தீர்ப்பை நீக்கக் கேட்டிருக்கலாம். இரண்டு தரமும் கடதாசி கிடைத்த மறுநாளே மூக்கன் கந்தோருக்குக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு தரமும் கருமபீடத்தில் இருந்த சுதாஜினி பெற்றுக்கொண்டதாகச் சீல் குத்திக் கொடுத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சொல்லிக்கொடுத்தபடி செய்தாள். போன் இலக்கம் என்ற கட்டம் இரண்டு படிவத்திலும் வெறுமையாகக் கிடந்தது.

விமலேஸ்வரி விரலை மடக்கி நாளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். எப்படி எண்ணினாலும் தீர்ப்பாணை கிடைத்து இருபத்தேழு நாள் ஆகியிருந்தது.

தயாபரனின் அறைக்குள் போனபோது அவளுக்குச் ‘சேர்’ என்று வரவில்லை. “தம்பி, மூக்கன்ர வழக்கை நான் சாகக் குடுத்திட்டன்,” என்றாள். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்து அழுதாள்.

அவன் கெட்டவனில்லை. எல்லாவற்றையும் கேட்டான், கடதாசிகளைப் புரட்டினான், நெற்றியைத் தடவினான். “மேல் நீதிமன்றத்தில மீளாய்வு எண்டு ஒண்டு போட்டுப் பாக்கலாம் அக்கா. கேப்பினமோ தெரியாது. ஆனா அதுக்கு நடந்ததை அப்பிடியே சத்தியக்கடதாசியில எழுதவேணும். ஆள் நேரத்துக்குக் கொண்டந்து தந்தது, கந்தோர்தான் கவனிக்கேல்லை எண்டு.”

“நான் எழுதித் தாறன்.”

“எழுதுங்கோ.” கடதாசிகளை அடுக்கி வைத்தான். “வவுனியாக் கிளை திறக்கிற நேரம் இது வெளியில போனா என்ன நடக்குமெண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஒன்பது லோயர்மார், இருபது ஸ்டாவ். திறப்பு விழா முடியட்டும். அடுத்த நாளே போடுவம்.”

அவள் எழுதினாள். ஒரு வரியையும் மறைக்கவில்லை. ‘பட்டியலைப் பார்ப்பது என் பொறுப்பு, நான் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். அவன் அதை லாச்சிக்குள் வைத்தான். ஐப்பசி வந்தது. விழாத் திகதி ஒரு தரம் பின்னுக்குப் போனது. இரண்டு திங்கட்கிழமை, ‘தம்பி, அந்த மூக்கன்ர விசயம்’ என்று தொடங்கினாள். ‘ஓமோம் அக்கா, நினைவிருக்கு’ என்றான். மூன்றாவது திங்கட்கிழமை அவள் கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லவேண்டும்: கேட்காமல் இருந்தபோது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. கையெழுத்து வைத்த அந்தத் தாள் நீதிமன்றத்துக்குப் போனால் கதவிலுள்ள பித்தளைப் பலகை இருக்காது என்பது அவளுக்கும் தெரியுமல்லவா?

இடையில் சங்கிலி ஒருதரம் கந்தோர் வாசலில் பஸ்ஸை நிற்பாட்டிவிட்டு மேலே பார்த்துக் கேட்டான். “அக்கோய், மூக்கன் ஐயாவுக்கு என்ன சொல்ல?”

யன்னலைத் திறந்து, “துண்டு வருமெண்டு சொல்லு,” என்றாள்.

அப்படியிருக்க ஒரு செவ்வாய்க்கிழமை வேறு அலுவலாக நீதிமன்றப் பதிவகத்துக்குப் போயிருந்தாள். தீர்ப்புகளை நிறைவேற்றப் போகிற பிஸ்கால் உத்தியோகத்தர் அவளுக்கு நெடுநாள் பழக்கம். ஒரே வளவுக்குள் பதின்மூன்று வருடம் கடதாசி காவினவர்கள்.

“விமலேஸ்வரி அக்கா, அக்கராயனில மூக்கன் எண்டு ஒருத்தர் உங்கட ஆள்தானே? ஆட்சி ஒப்படைக்கச் சொல்லிக் கட்டளை வந்திட்டுது. வியாழக்கிழமை காலமை போறம், பொலிசும் வருது. மனுசனுக்குச் சொல்லி முதல் நாளே சாமான்களை எடுக்கச் சொல்லுங்கோ. நாங்கள் தூக்கி வெளியில போடுறது பாக்க நல்லாயிராது.”

அவள் தலையாட்டினாள். வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழே நின்றாள்.

போக வேண்டியது எங்கே என்று அவளுக்குத் தெரியும். நாலரை மணி பஸ்ஸில் ஏறினால் ஐந்தே காலுக்கு அக்கராயன். மூக்கன் சந்தியில் நிற்பார். இறங்கி, அவருடைய முகத்தைப் பார்த்து, ‘ஐயா, உங்கட வீடு போயிட்டுது, போக்கினது நான்’ என்று சொல்ல வேண்டும். சிவலட்சுமி தேத்தண்ணி வைத்துக்கொண்டு வருவாள். அதைக் குடிக்க வேண்டும். கடவுளே, முடியுமா? முடியாது. அவளால் முடியவில்லை. எந்த முகத்தோடு போவது என்று தன்னையே கேட்டாள். கேட்டுக்கொண்டே மாடியேறிக் கண்ணாடி அறைக்குள் போய் அடி லாச்சியை இழுத்தாள்.

துண்டுக் கட்டு வைத்தபடி கிடந்தது. ஒன்றை எடுத்து எழுதினாள்: ‘மூக்கன் ஐயாவுக்கு. வழக்குத் தோற்றுவிட்டது. வியாழக்கிழமை காலை பிஸ்கால் வந்து வீட்டைப் பூட்டுவார். புதன்கிழமையே சாமான்களை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போங்கள். நெல்லையும் எடுங்கள். பிழை என்னுடையது. என்னை மன்னிக்கவும்.’ இரண்டாக மடித்தாள். பதின்மூன்று வருடப் பழக்கம், கை தன்பாட்டில் மடிப்பின் வெளிப்பக்கத்தில் ‘மூக்கன், வியாழன்’ என்று எழுதியது. சீலை எடுத்து மேலே ஒரு குத்துக் குத்தியது.

பஸ் நிலையத்தில் சங்கிலி பல்லைக் காட்டினான். “அப்பாடா! இண்டைக்கு மனுசன் நிம்மதியா நித்திரை கொள்ளும்.”

உள்ளே வாசித்துக் காட்டு என்று சொல்ல வாயெடுத்தாள். பஸ் நிறையச் சனம். எல்லாரும் அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. சிவலட்சுமிக்கும் எழுத்துத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. அயலில் யாராவது வாசித்துக் காட்டாமலா விடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ் புறப்பட்டது. புதன்கிழமை முழுவதும் வவுனியாவுக்கு அனுப்புகிற அழைப்பிதழ்களுக்குப் பெயர் எழுதினாள். இந்நேரம் உழவு இயந்திரம் ஒன்றைப் பிடித்து ஏற்றியிருப்பார்கள், இந்நேரம் நெல் மூட்டையைக் கட்டியிருப்பார்கள் என்று இடைக்கிடை மனதுக்குள் ஓடியது.

வியாழக்கிழமை எட்டே காலுக்குக் கந்தோருக்கு வந்தாள். வருகிற வழியில் நீதிமன்ற வாசலைப் பார்த்தாள். பிஸ்காலின் வாகனம் இல்லை, போய்விட்டார்கள். முடிந்தது, நல்லகாலம் மூக்கனும் சிவலட்சுமியும் அங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

கீழ்த்தளத்தில், சுவரோரமாக இருந்த வாங்கில் மூக்கன் இருந்தார். நீலம் போட்டு வெளுத்த வேட்டி, பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மடியில் பொலித்தீன் பை. கையில் இயந்திரம் கொடுத்த இலக்கச் சீட்டு. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“கிளாக்கரம்மா! மொத பஸ்ஸுலயே வந்துட்டேங்க.”

விமலேஸ்வரியின் தோளிலிருந்து கைப்பை நழுவி விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

“துண்டு வந்திருச்சுங்கம்மா. சங்கிலித் தம்பி தூரத்திலயே சத்தம் போட்டுருச்சு, மூக்கன் ஐயா, துண்டு, வியாழக்கெழமைன்னு. இத்தன மாசமா எங்க வீட்டுக்காரி ஒரே அழுகைங்க. அந்தம்மா மறந்துருச்சு, நீ ஒரு தடவ போய்ப் பாரேன்னு. நாந்தான் சொன்னேன், கடுதாசி அவங்க கையில இருக்கு, அவங்க பாடு, துண்டு வராம பஸ் ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு.” பைக்குள் கையை விட்டு இரண்டு பற்றுச்சீட்டையும் எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றுக்கு மேலே செவ்வாய்க்கிழமைத் துண்டு, அதுவும் மடித்தபடி. “எல்லாம் பத்தரமா வச்சிருக்கேங்க. இன்னைக்குக் கோர்ட்டுல நான் என்ன சொல்லணும்?”

“ஐயா... சிவலட்சுமி எங்க?”

“வீட்டுலதாங்க. சிறுபோக நெல்லு அவிக்குது. சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள காயப்போட்டுருவேன்னுச்சு.”

கூரையிலிருந்த ஒலிபெருக்கி கணீரென்று பேசியது: ‘இலக்கம் ஒன்று, முதலாம் கருமபீடத்துக்கு வரவும்.’ மூக்கன் தன் சீட்டைப் பார்த்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஒன்று என்ற கோடு அவருக்குத் தெரியும். போகட்டுமா என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

அவள் அவருடைய கையைப் பிடித்து வாங்கில் இருத்தினாள். தானும் பக்கத்தில் இருந்தாள். துண்டை விரித்தாள். தான் எழுதியதைத் தானே வாசித்தாள், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, பிழை என்னுடையது என்பதையும் விடாமல். கருமபீடத்தில் சுதாஜினி எழுந்து நின்றாள். யாரோ உள்ளே வந்து இலக்கம் எடுத்தார்கள்.

வாசித்து முடிந்ததும் மூக்கன் தாளை வாங்கிச் சீல் குத்திய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப இந்தத் துண்டு வரச்சொல்லி இல்லீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை ஐயா.”

அவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மணி எட்டரை. பிஸ்கால் அக்கராயனுக்குப் போய்ச் சேர்கிற நேரம். பற்றுச்சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பைக்குள் போட்டுக் கட்டினார். கட்டு இறுகவில்லை, அவிழ்த்து மறுபடியும் கட்டினார். ஒரு சொல் ஏசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

“அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்களேம்மா,” என்றார். “வீட்டத் தொறந்து போட்டுட்டு அடுப்படியில நிப்பா. யார் வந்தாலும் வாங்கன்னு கூப்பிடுவா.”